பெயருக்கு விட்ட இடம்

1

எங்கள் ஊரில் யார் செத்தாலும் அந்தச் சேதியை முதலில் சொல்வது நான்தான். சோரியாங்குப்பத்துக்கு மட்டுமில்லை, பாகூர் கொம்யூனில் பாதி ஊருக்கு நான்தான். நான் இருப்பதோ பாரீசுக்கு வெளியே, ரயிலில் முக்கால் மணி நேரம் தள்ளி, ஒரு கட்டடத்தின் ஏழாவது மாடியில்.

கதை விடுகிறான் என்று நினைக்காதீர்கள். உங்கள் தெருவுக்கும் அந்த ஆட்டோ வந்திருக்கும். கூரைமேல் ரெண்டு கூம்பு ஸ்பீக்கர். "மரண அறிவிப்பு! மரண அறிவிப்பு!" என்று ஒரு கனத்த குரல் ஆரம்பிக்கும். "ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்..." அது என் குரல். பதினேழு வயதில் பேசியது. அப்புறம் குரல் மாறும். ஆட்டோவில் இருக்கிறவர் தாளைப் பார்த்து, செத்தவர் பெயர், எந்தத் தெரு, யாருக்கு அப்பா, யாருக்கு மாமனார் என்று நேரடியாக வாசிப்பார். அவர் முடித்ததும் திரும்ப நான் வருவேன்: "அன்னாரது இறுதி ஊர்வலம் அவரது இல்லத்திலிருந்து புறப்படும் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்." தலையும் வாலும் சிடியில் இருக்கும். நடுவில் பெயருக்கு அரை நிமிஷம் இடம் விட்டிருக்கும். அதற்குள் வாசித்துவிட வேண்டும். சொந்தக்காரர்கள் அதிகம் உள்ள பிணம் என்றால் மூச்சு வாங்கும்.

இந்த வேலையைக் கண்டுபிடித்தவர் பாவாடை அண்ணன். பாகூரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறார். ஆளுக்குத் தொண்டை கட்டை. காலையிலிருந்து சாயந்திரம்வரை கத்தினால் மறுநாள் பேச்சே வராது. அதனால் பாதியைப் பதிவு செய்து வைத்துக்கொண்டார். பத்தாவது பெயிலாகி ஊர் சுற்றிக்கொண்டிருந்த எனக்கோ மீசைக்கு முன்னாலேயே குரல் வந்திருந்தது.

மைக்செட்டுக்காரர்களுக்கு ஒரு கட்டு உண்டு. மைக்கைச் சோதிக்கும்போது ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்லலாம். ஹலோ சொல்லலாம். உயிரோடு இருக்கிற ஆளின் பெயரை மட்டும் சொல்லக் கூடாது. "கல்யாண வூட்டுக்குப் போன மைக்குதான்டா சாவு வூட்டுக்கும் போவுது. எது எந்த வூடுன்னு அதுக்குத் தெரியாது" என்பார் பாவாடை அண்ணன்.

எனக்கு யாராவது ஒன்றைச் செய்யாதே என்று சொன்னால் கை அரிக்கும்.

2

பதிவு செய்த அன்றைக்கு மத்தியான நேரம். கடை வாசலில் ஒரு கூம்பு ஸ்பீக்கர் மாட்டியிருந்தது. ஒத்திகை பார்க்கிறோம் என்று அண்ணன் மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு ஒயரைத் தேடிக் குனிந்தார். நான் வாசல் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டேன். தெருவே அதிர ஆரம்பித்தேன்.

"மரண அறிவிப்பு! சோரியாங்குப்பம் மாரியம்மன் கோயில் தெருவைச் சேர்ந்த கலியமூர்த்தி அவர்களின் ஒரே மகன், அழகன், அறிவாளன், வினோத் அவர்கள் இன்று அகால மரணமடைந்தார்!"

எதிர்ப்பக்கம் பஜ்ஜிக் கடையில் ஒரே சிரிப்பு. "டேய், பொணமே! எத்தினி மணிக்கிடா எடுக்கறாங்க?" என்று ஒருவன் கத்தினான். "நீ வந்து மால போட்டதுக்கு அப்புறம்டா!" என்று மைக்கிலேயே பதில் சொன்னேன்.

பாவாடை அண்ணன் அறைந்த அறையில் காது கொய்ங் என்றது. அவர் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான்.

"எதுல வெளாடறதுன்னு இல்லயாடா ஒனக்கு?"

கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தார். வாசல் ஸ்பீக்கரைப் பிடுங்கினார். மறுபடி முதலிலிருந்து. தலையைப் பேசி முடித்ததும் என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு நின்றது. வாயில் விரலை வைத்து, வெளியே போ என்று சைகை காட்டினார். பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. நான் பஜ்ஜிக் கடைக்கு ஓடி ஒன்றை வாயில் போட்டேன். அரை நிமிஷத்தில் கதவைத் திறந்து கையாட்டினார். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து வாலைப் பேசினேன். முடிந்தது வேலை.

கடைக்குப் பின்னால் ரைஸ்மில். அங்கேதான் அப்பா மூட்டை தூக்கினார். மில் சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அன்றையிலிருந்து அப்பா என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு போட்டிருக்கு, மழை வருது, கதவைச் சாத்து. அவ்வளவுதான். சாவுச் சேதி சொல்கிற வாய் என்று வெறுத்துவிட்டார் போல. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் திட்டியிருந்தால் பதிலுக்குக் கிண்டல் செய்திருப்பேன். பேசாத ஆளை என்ன செய்வது?

3

எனக்குக் கல்யாணம் ஆனது சொல்தா வீட்டுப் பெண்ணோடு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர் வீட்டுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். என் மாமனார் வருஷா வருஷம் உயிரோடு இருக்கிறேன் என்று சான்றிதழ் வாங்கி அனுப்பினால்தான் பிரான்சிலிருந்து பென்ஷன் வரும். "மாமா, அடுத்த வருஷம் நான் வேணா மைக்குல சொல்லிடட்டுமா?" என்று கேட்டு, மாப்பிள்ளை ஆன முதல் வாரமே கெட்ட பேர் வாங்கினேன். மனைவி ரேவதிக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி. கல்யாணத்துக்குப் பிறகு அவள் பின்னாலேயே இங்கே வந்து சேர்ந்தேன்.

இங்கே வந்ததும் முதல் வேலையாக என் பெயரை எடுத்துக்கொண்டார்கள். பாஸ்போர்ட்டில் என் பெயருக்குப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தது. அதுதான் குடும்பப் பெயர் என்று எழுதிக்கொண்டார்கள். சூப்பர் மார்க்கெட்டில் சரக்கு இறக்கும் வேலை எனக்கு. மேஸ்திரி கூப்பிடுவது "கலியாமூர்த்தி!" டாக்டர் வீட்டு வாசலில் "மொசியே கலியாமூர்த்தி!" ஆரம்பத்தில் அப்பா எங்கே என்று திரும்பிப் பார்ப்பேன். என் மகள் பள்ளிக்கூடத்தில் லீனா கலியாமூர்த்தி. வயசு ஆறு. தமிழில் ஒன்று கேட்டால் பிரெஞ்சில் பதில் வரும். ஊரில் அம்மா போனில் கூப்பிட்டால் "போன்ஜூர்" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவாள்.

அப்பாவுடைய இருமல் ஊருக்கே தெரியும். மில் தவிடு நெஞ்சில் படிந்த இருமல். ரெண்டு தடவை இருமுவார். நடுவில் ஒரு நிறுத்தம், யாரையோ கூப்பிடப் போய் வேண்டாம் என்று விட்ட மாதிரி. நான் இங்கே வந்த மூன்றாவது வருஷம் அந்த நெஞ்சே அவரைக் கொண்டுபோய்விட்டது.

அப்போது என் விசா அட்டை காலாவதி ஆகியிருந்தது. புது அட்டைக்குத் தேதி கேட்டு பிரெஃபெக்தூர் ஆபீசின் இணையதளத்தில் தினமும் காலையில் தட்டுவேன். இடமில்லை என்று வரும். நாட்டை விட்டுப் போனால் திரும்ப விடமாட்டார்கள். விட்டாலும் என்ன, மறுநாள் மத்தியானமே எடுத்துவிட்டார்கள்.

பெரியம்மா மகன் வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். எங்கள் தெருவில் ஆட்டோ. "மரண அறிவிப்பு! மரண அறிவிப்பு!" நான்தான் கத்துகிறேன். பஜ்ஜி எண்ணெய் மணக்கிற வயசுக் குரல். அப்புறம் பாவாடை அண்ணனின் கட்டைத் தொண்டை: "சோரியாங்குப்பம் கலியமூர்த்தி... பிரான்சில் இருக்கும் வினோத்தின் தகப்பனார்..." அப்புறம் திரும்ப நான். அன்னாரது இறுதி ஊர்வலம்.

ரேவதி போனைப் பிடுங்கி அணைத்தாள். "கேக்காத வினோ" என்றாள்.

அப்பாவின் குரல் என்று என்னிடம் எதுவும் இல்லை. வீடியோ கால் போட்டால் அம்மாவுக்குப் பின்னால் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதில் வந்த இருமல்களைக்கூட நான் சேமித்து வைக்கவில்லை.

4

இந்த வருஷம் அப்பாவின் தெவசத்துக்கு ரெண்டு வாரம் முன்னால் மாமியார் ஊரிலிருந்து வந்தார். வடகம், ஊறுகாய், கூடவே பிளாஸ்டிக் உறையில் ஒரு சிடி. பாவாடை அண்ணன் எல்லாவற்றையும் செல்போனில் ஏற்றிக்கொண்டாராம். "அவன் கொரலு, அவனாண்டயே இருக்கட்டும்" என்று கொடுத்து அனுப்பியிருந்தார்.

சிடி போட்டுக் கேட்க இப்போது யாரிடம் என்ன இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய பிளேயர் ஒன்று கிடைத்தது. இயர்போனை மாட்டிக் கேட்டேன். என் குரல் வந்தது, கொஞ்சம் சிரித்துக்கொண்டேன். பிறகு பெயருக்கு விட்ட இடம். அந்த அரை நிமிஷத்தை நான் அதுவரை கேட்டதே இல்லை. ஆட்டோவில் எப்போதும் அதன்மேல் யாராவது வாசித்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த இடத்தில், தூரத்தில், ரெண்டு இருமல். நடுவில் ஒரு நிறுத்தம்.

இயர்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஏழாவது மாடி. சன்னலுக்கு வெளியே ஒன்றுமில்லை.

அதற்கு மேல் அந்தப் பிளேயரில் எதுவும் தெளிவாக வரவில்லை. ஆனால் இருமலுக்குப் பிறகு ஏதோ இருந்தது. பேச்சு மாதிரி ஒன்று, மெத்தைக்கு அடியில் அமுக்கி வைத்த மாதிரி. அப்பா அன்றைக்கு அந்த அறைக்கு வந்திருக்கிறார். ஏதோ சொல்லியிருக்கிறார். என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, அந்த வார்த்தை எனக்கு வேண்டும் என்று தோன்றியது. என்னோடு சரக்கு இறக்கும் அல்ஜீரியாக்காரன்தான் வழி சொன்னான். பாரீசில் உயர்ந்த ரக சிடி பிளேயர் விற்கிற கடை ஒன்று இருக்கிறது, உட்கார்ந்து கேட்கத் தனி அறை உண்டு, காப்பியும் தருவார்கள் என்று. முன்கூட்டியே பெயர் பதிந்துவிட்டுப் போக வேண்டும்.

கடைக்காரர் குடுமி வைத்த பெரியவர். மெதுவாகப் பேசினார். "மொசியே கலியாமூர்த்தி, உங்களுக்கு நன்றாகப் பழகிய ஒரு சிடியைக் கொண்டுவந்தீர்களா? அதை வைத்துத்தான் மிஷினைத் தேர்ந்தெடுக்க வேண்டும்." எல்லாரும் வயலின், பியானோ என்று கொண்டுபோவார்களாம். நான் மரண அறிவிப்பை நீட்டினேன்.

ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் மாறாது, பிளேயரை மட்டும் மாற்றிக்கொண்டே வருவேன், வித்தியாசம் கேளுங்கள் என்றார். முதல் மிஷினைப் போட்டார். மரண அறிவிப்பு! மரண அறிவிப்பு! அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார்.

"என்ன கம்பீரம்! இது கவிதையா?"

"விளம்பரம்."

"எந்தப் பொருளுக்கு?"

"எல்லாருக்கும் ஒருநாள் தேவைப்படுவது" என்றேன். அவர் மரியாதையாக மேலும் தலையாட்டினார். அதுவரைக்கும் எனக்குச் சிரிப்புதான்.

பெயருக்கு விட்ட இடம் வந்தது. மின்விசிறி சுற்றியது. ஊரில் கேட்ட அதே கடக் கடக். இருமல் கொஞ்சம் கிட்டே வந்திருந்தது.

ரெண்டாவது மிஷின், ஊரில் ஒரு நல்ல கறவை மாட்டின் விலை. அதில் பின்கதவு திறந்தது. ரைஸ்மில்லின் பட்டை ஓடும் சத்தம் சட்டென்று உள்ளே வந்து, கதவு சாத்தியதும் நின்றது. ரப்பர் செருப்பு, நாலு அடி. இருமல் இப்போது அந்த அறையிலேயே, சோபாவுக்குப் பக்கத்தில். கடைக்காரர் கண்ணைத் திறந்து, இடதுபக்கம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். யாருக்கோ இடம் விட்ட மாதிரி. அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று நான் கேட்கவில்லை.

மூன்றாவது மிஷினின் விலையை நான் பார்க்கவேயில்லை. நெஞ்சு கலகலக்கிற மூச்சு கேட்டது. ஓடிவந்து நிற்கிறவரின் மூச்சு. அடுத்து மைக்குக்கு மிகப் பக்கத்தில், மெதுவாக, ஒரு சொல். திட்டு வரும் என்று காத்திருந்த எனக்கு அது புரியவில்லை.

புரிந்தது கடைக்காரருக்குத்தான். என் பெயர் பதிந்திருந்த தாளை ஒருமுறை பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மொசியே, அவர் உங்கள் பெயரைச் சொல்கிறார்."

திரும்பப் போடச் சொன்னேன். ஆமாம். "கலியமூர்த்தி." அவ்வளவுதான். ரேஷன் கடையில் பெயர் கூப்பிட்டால் கையைத் தூக்கிச் சொல்வாரே, அந்தக் குரல்.

5

ரயிலில் வரும்போதே பாவாடை அண்ணனுக்கு வாட்ஸப்பில் போன் அடித்தேன்.

"இன்னாடா பிரான்சு! ஒறப்பா ஊறுகா வந்துச்சா?"

"அண்ணே, அன்னிக்கி சிடி பதிவு பண்ணோமே, எங்கப்பா கடைக்கி வந்தாரா?"

பின்னால் கோழி கூவுவது கேட்டது.

"ஒனக்கு எவன்டா சொன்னது?"

"அவருதான் சொன்னாரு. சிடில."

"அதுல கேக்காதேடா. அத்தினி மெதுவாதான சொன்னாரு." கொஞ்ச நேரம் தொண்டையைக் காறினார். "நீ வாசல் ஸ்பீக்கர்ல கத்துனது மில்லு வரைக்கும் போயிட்டுது. ஒங்கொப்பன் மூட்டய கீழ போட்டுட்டு ஓடியாந்தாரு. மூஞ்சி பூரா தவுடு. கண்ணு மட்டும்தான் தெரியிது. நீ வெளிய பஜ்ஜி தின்னுகினு இருக்க. பின்பக்கமா வந்து ஒன்ன சன்னல்ல பாத்தாரு. பாத்துகினே நின்னாரு."

"அப்புறம்?"

"அழிச்சிட்டியா பாவாடன்னு வாயால கேக்கல, கையாலதான் கேட்டாரு. பதிவு ஓடிகினு இருக்குதுல்ல. அழிச்சிட்டேன்னு தலயாட்டுனேன். நம்பலடா அவுரு. நேரா மைக்காண்ட போயி, தன் பேர சொல்லிட்டாரு. நான் புடிக்கறதுக்குள்ள சொல்லிட்டாரு."

"ஏன்ணே அத அழிக்கல நீ?"

"அழிக்கத்தான் போனேன். நீ வால பேசிட்டுப் போனப்புறம், பின்கதவுக்கு வெளிய நின்னுகினு இருந்தவரு உள்ள வந்து கைய புடிச்சிகினாரு. 'எம்புள்ள பேர கேட்டுட்டுது அந்த எடம். அத வெறுமனே வுடாத. எம் பேரு இருக்கட்டும்'னாரு. ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினாரு. பேசினா வாய் தவறி சொல்லிடுவேனோன்னு ஒங்கிட்டயும் பேச்ச கொறச்சிகினாரு."

எட்டு வருஷம் கழித்துச் செத்தவர், அன்றைக்கு மைக்கில் தன் பெயரைச் சொன்னதால் செத்தாரா என்று நீங்கள் கேட்பீர்கள். தவிட்டு நெஞ்சு ஐயா, வேறென்ன என்று நானும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். அத்தனை வருஷமும் பாகூரில் எந்தப் பிணத்துக்கு ஆட்டோ கிளம்பினாலும், வாசிக்கிற பெயருக்கு அடியில் அப்பாவின் பெயரும் சேர்ந்து தெருத்தெருவாகப் போயிருக்கிறது. அவர் திண்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு அதைக் கேட்டிருப்பார். தன் முறை இல்லை என்று தெரிந்து டம்ளரைக் கீழே வைத்திருப்பார். கடைசி நாள் மட்டும் மேலேயும் கலியமூர்த்தி, கீழேயும் கலியமூர்த்தி.

6

மூன்றாவது மிஷினை வாங்கினேன். தூக்கினால் ஆளைச் சாய்த்துவிடும் கனம், கறுப்பாக, ஒரே ஒரு பித்தானோடு. "சாவுச் சேதி கேக்க இவ்ளோ பெரிய பொட்டியா? தெவசத்துக்குப் படையல் போடறவன பாத்துருக்கேன், பொட்டி வாங்கறவன இப்பதான் பாக்கறேன்" என்றாள் ரேவதி. அடுப்படிக்குப் போய் மூக்கைச் சிந்தினாள்.

தெவசத்தன்று மத்தியானம். அப்பா படத்துக்கு முன்னால் இலை போட்டு, வடை பாயசம் வைத்து, சிடியைப் போட்டேன். அவர் குரலை ஒருமுறை கேட்டுவிட்டு நிறுத்திவிடலாம் என்று நினைப்பு. நான் அதை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் என்பதை லீனா கவனித்திருந்தது எனக்குத் தெரியாது. என் பிள்ளைக்குத் தமிழில் நாலு வரி சேர்ந்தாற்போல் வராது என்று அம்மாவிடம் குறைபட்டுக்கொண்டிருந்தேனே, அவள் டிவி ரிமோட்டை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு ஸ்பீக்கர் முன்னால் வந்து நின்று என்னோடு சேர்ந்து சொன்னாள்:

"மரண அறிவிப்பு! மரண அறிவிப்பு! ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்..."

ஒரு எழுத்து பிசகவில்லை. எனக்குப் பெருமையில் புல்லரித்தது. இலையைக்கூட மறந்துவிட்டேன்.

பெயருக்கு விட்ட இடம் வந்தது. கதவு. செருப்பு. இருமல், நிறுத்தம், இருமல். "கலியமூர்த்தி."

லீனாவுக்கு அது பழக்கமான விளையாட்டு. வகுப்பில் டீச்சர் குடும்பப் பெயரைச் சொன்னால் பிள்ளைகள் எழுந்து தங்கள் பெயரைச் சொல்ல வேண்டும். குதிகாலை ஒட்டி வைத்து நிமிர்ந்து நின்றாள். ரிமோட்டை வாயருகே கொண்டுபோனாள்.

"லீனா!" என்றாள், கணீரென்று. என் தொண்டை அவளுக்கு.

நிறுத்தும் பித்தான் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. இது பதிவு செய்கிற மிஷின் இல்லை, வெறுமனே பாடுகிற மிஷின் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது கேட்டது.

மண்டியிட்டு அவள் கையிலிருந்து ரிமோட்டை வாங்கினேன். வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவளுக்குக்கூடச் சரியாகக் கேட்காதபடி சொன்னேன்.

"வினோத்."

பஜ்ஜி தின்ற வாயோடு பதினேழு வயசுப் பையன் ஒருவன் ஸ்பீக்கரில் வந்து, அன்னாரது இறுதி ஊர்வலம் அவரது இல்லத்திலிருந்து புறப்படும் என்றான்.

சிடி நின்றது. தன் முறையை நான் பிடுங்கிக்கொண்டேன் என்று லீனா பிரெஞ்சில் அழுதாள். அடுப்படியிலிருந்து ரேவதி குரல் கொடுத்தாள்:

"போதும் வினோ, அத நிறுத்து. அதையே எத்தினி வாட்டி போடுவ? மாமா இருமிகினே இருக்காரு."

மிஷின் நின்றுபோய்க் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. நான்தான் தொண்டையைச் செருமினேன். ரெண்டு தடவை.